அம்மா தாழ் போடாத கதவு

இது நடந்தது. எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, எங்கேயோ படித்ததுமில்லை. நம்பாதவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. போன வருஷம் வரை நானும் அந்தக் கட்சிதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமாக இதே பிழைப்பு. எவனாவது வந்து, "அண்ணே, லிஃப்ட் தானா மேல போகுது, பேய் பூந்துருச்சு" என்று சொன்னால், "முதல்ல பட்டனுக்குள்ள தண்ணி பூந்திருக்கான்னு பாரு" என்று சொல்கிற ஆள். பெரும்பாலும் தண்ணீர்தான் போயிருக்கும். சில சமயம் கரப்பான் பூச்சி. பேயை ஒரு பட்டனுக்குள்ளும் நான் பார்த்ததில்லை.

அதனால் எதைப் பார்த்தேனோ, எதைக் கேட்டேனோ, அதை மட்டும் சொல்கிறேன். அதற்கு என்ன பெயர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலை. சாயங்காலம் ஏழு பத்துக்கு வீட்டுக்குள் நுழைவார். தலை, புருவம், காது மடல் எல்லாம் மரத்தூள். நான் ஒரே பிள்ளை. இரவு படுக்கப் போகும் முன் அம்மா வாசல் கதவில் கை வைத்துக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பாள். வீட்டில் இருப்பதே மூன்று பேர். நின்ற இடத்திலிருந்தே எல்லாரும் கண்ணில் படுவோம். இருந்தாலும் கேட்பாள். உள்ளேயிருந்து அப்பா, "வந்தாச்சு, தாழ் போடு" என்பார். அதன் பிறகுதான் தாழ் விழும்.

நான் ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வரும் நாட்களில் அப்பா, "பையன் இன்னும் வரல" என்பார். அவ்வளவுதான். கதவு திறந்தே கிடக்கும். தெரு நாய் எட்டிப் பார்க்கும், மழைச் சாரல் உள்ளே அடிக்கும், அம்மா அசைய மாட்டாள். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் தாழ். இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

"ரெண்டு வருஷம் இருந்துட்டுத் திரும்பிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இந்த நகரத்துக்கு வந்தேன். எல்லாரும் அப்படித்தானே சொல்லிவிட்டு வருகிறோம். கல்யாணம் ஆனது. கட்டில் வாங்கினோம். பீரோ வாங்கினோம். பீரோ வாங்கிய பிறகு யாரும் ஊருக்குத் திரும்புவதில்லை. ஒருநாள் என் மனைவியிடம், "உன்கிட்ட எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்று கேட்டேன். அவள் துணிக்கடையில் பில் போடுகிறவள், பதில் டக்கென்று வரும். "பொறந்தது ஒரு ஊரு, வாக்கப்பட்டது ஒரு ஊரு, குப்பை கொட்டுறது ஒரு ஊரு. கேக்குறவங்க மூஞ்சியப் பார்த்து ஏதாவது ஒண்ணு சொல்லுவேன்" என்றாள். சிரித்தேன். ஆனால் எனக்கும் அதே நிலைமைதான். ஊர் என்றால் ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகிற தூரம். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

நாங்கள் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில். நாலு பேர் நிற்கிற சின்ன லிஃப்ட். அதைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். அப்பாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. லிஃப்டில் ஏறவும் மாட்டேன் என்றார். "செத்தா ஒரு பொட்டிக்குள்ள என்னைப் படுக்க வெச்சு ஒரு தடவ தூக்கிட்டுப் போவீங்க, அது போதும். நின்னுக்கிட்டு வேற ஏறணுமா?" என்பார். இங்கே வந்து இருங்கள் என்று கூப்பிடும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. போன வருஷம் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஊர் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டி, அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். ஊர் வீட்டுச் சாவியை எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன்.

பகலில் அம்மா நன்றாகத்தான் இருப்பாள். பூண்டு உரிப்பாள், மருமகளோடு சேர்ந்து என்னைக் கிண்டல் செய்வாள். விளக்கு போடும் நேரம் வந்தால் ஆளே மாறிவிடுவாள். செருப்பை மாட்டிக்கொண்டு, துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவுத் தாழை எடுத்துவிட்டு நிற்பாள்.

"வாடா, ஊருக்குப் போகலாம்."

"அங்க யாரும்மா இருக்கா?"

"அவர் வந்து நிப்பாருடா. வீடு பூட்டியிருந்தா எங்க போவாரு?"

தாழைப் போடுவேன். அவள் எடுப்பாள். திரும்பப் போடுவேன். "சாயங்காலமானா சில பெரியவங்களுக்கு இப்படி ஆகும். கதவப் பத்திரமா பூட்டி வைங்க" என்றார் டாக்டர். ஒரு தடவை, சரி, பார்த்தால் மனம் ஆறிவிடும் என்று ஊருக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாளும் அம்மா பழைய அம்மாவாக இருந்தாள். கிளம்பும்போது நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. மருந்து, டாக்டர், எங்கள் வேலை எல்லாம் இங்கே. அவளைத் தனியாக அங்கே எப்படி விடுவது? பஸ்ஸில் வரும் வழி முழுக்க அவள் அழுதாள். நானும் அழுதேன். இனி அழைத்துப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம் சில நாளில்தான் லிஃப்டின் சேட்டை ஆரம்பித்தது.

லிஃப்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு சொந்தத் தளம் உண்டு. யாரும் கூப்பிடாமல் சும்மா இருந்தால், தானாக அங்கே போய் நின்றுகொள்ளும். அது எந்தத் தளம் என்று நாங்கள்தான் செட் பண்ணுவோம். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குத் தரைத்தளம். நானே செட் பண்ணியது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வெளியே 'டிங்' என்று சத்தம். லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் திறந்தே இருந்துவிட்டு மூடிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து.

மறுநாளும் ஏழு பத்து. அதற்கு அடுத்த நாளும்.

வாட்ச்மேன் அண்ணனுக்குக் கொண்டாட்டம். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றீங்க. உங்க வீட்டு லிஃப்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சே!" என்றார். ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பட்டனைக் கழற்றினேன். வயரைச் சோதித்தேன். செட்டிங்கைப் பார்த்தேன். சொந்தத் தளம், தரைத்தளம். எல்லாம் சரி. ஒரு குறையும் இல்லை. மண்டை காய்ந்தது.

அன்று சாயங்காலம் சோதனைக் கருவியை மாட்டிக்கொண்டு மூன்றாவது மாடியில் காத்திருந்தேன். லிஃப்ட் வந்தது. திறந்தது. உள்ளே விளக்கு, கண்ணாடி, காலியான தரை. கருவியில் உள்ளே இருக்கும் எடை தெரியும். காலி லிஃப்டுக்குப் பூஜ்யம் காட்ட வேண்டும்.

அறுபத்திரண்டு கிலோ காட்டியது.

கருவியைத் தட்டினேன். திரும்பப் பார்த்தேன். அறுபத்திரண்டு. அப்பாவைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது, மில் வாசலில் மரம் நிறுக்கும் மேடையில் விளையாட்டாக ஏறி நின்று, "அறுபத்திரண்டு! கட்டை இன்னும் காயல" என்று சிரித்தார். அது ஏன் அப்போது ஞாபகம் வந்ததோ தெரியவில்லை. எடை பார்க்கும் பாகம் கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுநாள் புதிது மாட்டினேன்.

புதிதும் அறுபத்திரண்டுதான் காட்டியது.

அதற்கடுத்த வாரம் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று மாடி வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். கதவு ஓடும் பள்ளத்தில் ஏதோ அடைத்திருந்தது. வழக்கமாக மண், முடி, மிட்டாய்க் காகிதம் இருக்கும். விரலால் வழித்து எடுத்தேன்.

மரத்தூள்.

புதிதாக அறுத்த மரத்தின் தூள். கொஞ்சம் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு வாசல் வாசனை அது.

கீழே இறங்கி வாட்ச்மேனிடம், "கட்டடத்துல யாராவது தச்சு வேலை பார்க்கறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான்."

"அது இருக்கட்டும். உங்களைத் தேடி ஒரு பெரியவர் வர்றாரே, யாரு அது?"

"எந்தப் பெரியவர்?"

"தெனமும் சாயங்காலம் வர்றாரு. லிஃப்டுக்கு வெளிய செருப்பக் கழட்டி வெச்சுட்டு உள்ள ஏறுறாரு. புதுசு போலிருக்கு. எனக்குச் சிரிப்புத் தாங்கல."

"எப்போ இறங்கிப் போறார்?"

வாட்ச்மேன் அண்ணன் யோசித்தார். சிரிப்பு போய்விட்டது.

"நான் பார்த்ததில்லையே" என்றார்.

இதை மனைவியிடம் சொன்னேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு மணிக்கு அந்த லிஃப்ட நிறுத்திடேன்" என்றாள். அவள் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. எனக்கு ஒரே பயம்தான். அம்மா கதவைத் திறக்கிற நேரமும், அந்த லிஃப்ட் வந்து நிற்கிற நேரமும் ஒன்று. நடுவில் இருப்பது ஒரு தாழ் மட்டுமே. எப்படியாவது அவளை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் நல்ல மழை. மனைவி கடையிலிருந்து வர எட்டு மணி ஆகும். ஏழு மணிக்கு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, அஞ்சு நிமிஷம். மொட்டை மாடி வரைக்கும் போயிட்டு வந்துடறேன். எங்கயும் போகாதே."

"போடா. நான் எங்க போகப் போறேன்?" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். என் கன்னத்தை வேறு தட்டினாள்.

கதவை வெளியே தாழிட்டேன். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஓடினேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். அதில் என் பூட்டைப் போட்டேன். சாவி என் சட்டைப் பையில். இது எங்கள் தொழிலில் கட்டாயம். பூட்டியவன் கையில்தான் சாவி இருக்க வேண்டும். அவனைத் தவிர வேறு யாரும் அந்த லிஃப்டுக்கு உயிர் கொடுக்க முடியாது.

அப்போது ஏழு ஐந்து. மோட்டார் அடங்கியிருந்தது. மழைச் சத்தம் மட்டும்.

ஏழு பத்து வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு இறங்கலாம் என்று நினைத்தேன். நின்றேன்.

ஏழு பத்து.

ஒன்றும் நடக்கவில்லை. பெருமூச்சு விட்டேன்...

கிர்ர்ர்...

எனக்கு முன்னால் இருந்த பெரிய சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

மின்சாரம் இல்லை. பிரேக் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் கண்ணால் பார்க்கிறேன். பிடித்த பிடியிலேயே சக்கரம் சுற்றுகிறது. பெட்டியைத் தூக்கும் ரோப் மெதுவாக ஓடுகிறது. அவசரமே இல்லாமல்.

ரோப்பில் ஒவ்வொரு மாடிக்கும் மஞ்சள் பெயிண்டில் ஓர் அடையாளம் வைத்திருப்போம். அது மெஷினில் போட்ட கோட்டுக்கு நேராக வந்தால் லிஃப்ட் அந்த மாடியில் இருக்கிறது என்று அர்த்தம். முதல் மாடி அடையாளம் தாண்டியது. இரண்டாவது தாண்டியது.

மூன்றாவது அடையாளம் கோட்டுக்கு நேராக வந்தது.

நின்றது.

கீழே... 'டிங்'.

கதவு திறக்கும் சத்தம். அப்புறம் செருப்புச் சத்தம். சரக்... சரக்... அம்மாவின் நடை அது. எனக்குத் தெரியாதா?

"இதோ வந்துட்டேன்" என்ற அவள் குரல் லிஃப்ட் குழி வழியாக மேலே வந்தது.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நான் வெளியே போட்ட தாழ் எடுக்கப்பட்டிருந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. வீட்டில் விளக்கு எரிந்தது. அம்மா இல்லை.

லிஃப்ட் கதவு மூடியிருந்தது. அதற்கு வெளியே அம்மாவின் செருப்பு. ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில் தரையில் மரத்தூள். இரண்டு பெரிய பாதம் அளவுக்கு. செருப்பு இருந்து, யாரோ எடுத்த பிறகு மிஞ்சும் தடம்போல.

கதவின் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். லிஃப்ட் கொஞ்சம் கீழே இறங்கி, இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளே இருட்டு.

"அம்மா!"

"என்னடா?"

"பயப்படாதே. இப்ப எடுத்துடறேன்."

"எதுக்குடா பயம்? அவர்தான் இருக்காரே."

லிஃப்ட் கதவை விரலால் நெம்பினேன்.

"நாங்க முன்னாடி போறோம்" என்றாள் அம்மா. "நீ மெதுவா வா. மழையில ஓடி வராத. கதவத் தாழ் போட மாட்டேன்."

மறுபடி மேலே ஓடினேன். சுவிட்சைப் போட்டால் போதும். லிஃப்டை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். பூட்டைத் திறந்தேன். சுவிட்சில் கை வைத்தேன்.

எங்கள் தொழிலில் இன்னொரு கட்டாயம் உண்டு. சுவிட்ச் போடும் முன் குழிக்குள் குனிந்து, "ஆள் இருக்கா?" என்று சத்தம் போட வேண்டும். பெட்டியின் தலைமேலோ, குழியின் அடியிலோ யாராவது இருந்தால், மின்சாரம் வந்ததும் நசுங்கிப் போவார்கள். பதில் வந்தால் சுவிட்ச் போடவே கூடாது. அந்த ஆள் வெளியே வந்து முகம் காட்ட வேண்டும். இருபது வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்காமல் சுவிட்ச் போட்டதில்லை. கை தானாக நிற்கும், வாய் தானாகக் கேட்கும்.

அன்றும் கேட்டுவிட்டது.

"ஆள் இருக்கா?"

"இருக்கேன்."

அப்பாவின் குரல்.

பெட்டிக்கு உள்ளேயிருந்து வரவில்லை. பெட்டியின் தலைமேலிருந்து வந்தது.

எனக்குத் தெரியும், அப்பா இல்லை. அவருக்குக் கொள்ளி வைத்தவன் நான். கீழே இருட்டில் மாட்டியிருப்பது உயிரோடு இருக்கிற என் அம்மா. போடுடா, போடு என்று மனம் கத்துகிறது.

கை போகவில்லை.

"அப்பா... வெளிய வாங்கப்பா" என்று கெஞ்சினேன். குழந்தைபோல அழுதேன். "முகத்தக் காட்டுங்கப்பா..."

பதில் இல்லை. மறுபடி கேட்டேன்.

"ஆள் இருக்கா?"

"இருக்கேன்."

எத்தனை தடவை கேட்டேனோ. ஒவ்வொரு தடவையும் அதே பதில். பொறுமையாக. கோபமே இல்லாமல்.

கடைசியில் பூட்டைத் திரும்பப் போட்டேன். கையால் இறக்குவது ஒன்றுதான் வழி. பிரேக்கைக் கம்பியால் விலக்கி, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. லிஃப்டுக்கு மறுபக்கம் ஓர் எடைக்கல் தொங்கும். எங்கள் லிஃப்டில் இரண்டு ஆள் ஏறினால்தான் அந்தக் கல்லுக்குச் சமமாகும். ஓர் ஆள் மட்டும் இருந்தால் கல் கனமாகிவிடும். பிரேக்கை விலக்கியதும் பெட்டி தானாக மேலே ஏறும்.

உள்ளே அம்மா மட்டும்தான்.

பிரேக்கை விலக்கினேன்.

பெட்டி ஏறவில்லை. இறங்கவும் இல்லை. அசையாமல் நின்றது.

அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு விரலால் சுற்றலாம்போல அவ்வளவு லேசாகச் சுற்றியது. மஞ்சள் அடையாளம் ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு... ஒன்று... தரை.

கீழே ஓடினேன். வாட்ச்மேன் அண்ணன் டார்ச் பிடித்தார். லிஃப்ட் கதவுச் சாவியைப் போட்டு, கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன்.

அம்மா மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால். உள்ளங்காலில் மரத்தூள் ஒட்டியிருந்தது. முகத்தில் ஒரு கவலையும் இல்லை. கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் பேசியவளின் கை அப்படி இருக்காது.

மணி ஏழு நாற்பது.

டாக்டர் வந்து பார்த்தார். இதயம் என்றார். கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எத்தனை மணிக்கு விழுந்தாங்க?" என்றார். ஏழே காலுக்கு என்னோடு பேசினாள் என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். "இருக்காது. ரொம்ப நேரம் ஆயிருக்கு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி யாருக்கும் சொல்லும் நிலையில் நான் இல்லை. காலையில் போன் செய்யலாம் என்றிருந்தேன். விடிந்ததும் ஊரிலிருந்து போன் வந்தது. எதிர்வீட்டு அக்கா.

"என்ன தம்பி, சொல்லாம கொள்ளாம வந்து எறங்கிட்டீங்க?"

"யாருக்கா வந்தது?"

"விளையாடாதீங்க. நேத்து சாயங்காலம் உங்க வீட்ல வெளிச்சம் தெரிஞ்சுது. அம்மா வாசல்ல நின்னாங்க. எப்ப வந்தீங்கன்னு கேட்டேன், இப்பதான்னாங்க. காலைல வந்து பார்க்கறேன், கதவு திறந்து கெடக்கு, உள்ள ஒருத்தரையும் காணோம். சாவி பூட்டுலயே தொங்குது."

"எத்தன மணி இருக்கும்க்கா?"

"ஏழு நாப்பது இருக்கும்."

தலையைத் திருப்பி எங்கள் வாசல் கதவைப் பார்த்தேன். ஆணியில் சாவி இல்லை.

என்ன சொல்லி என்ன? அம்மா அறைக்குள் வெள்ளைத் துணிக்கடியில் கிடக்கிறாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அம்மாவை அனுப்பி வைத்த பிறகும் லிஃப்ட் நிற்கவில்லை. ஏழு பத்துக்கு வந்தது. ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கருவியை மாட்டிப் பார்த்தேன். நூற்று நாலு. அம்மா போவதற்கு முந்தின மாதம்தான் டாக்டர் அவளை எடை பார்த்தார், நாற்பத்திரண்டு. முன்பெல்லாம் கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும் கதவு, இப்போது மூடவே இல்லை. யாரோ ஏறட்டும் என்று பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் திறந்தே நின்றது. நான் எங்கள் வாசற்படியிலேயே நின்றேன். ஒரு கால் முன்னால் போனது. மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த மாதமே வீட்டை மாற்றிவிட்டோம். இப்போது தரைத்தளத்தில் ஒரு வீடு. லிஃப்ட் கிடையாது. நாங்கள் காலி செய்த நாளிலிருந்து அந்தப் பழைய லிஃப்ட் ஒழுங்காகத் தரைத்தளத்திலேயே நிற்கிறதாம். அங்கே இப்போது வேலை பார்க்கும் மெக்கானிக் சொன்னான். "அண்ணே, அதுல ஒரு குறையும் இல்லையே" என்றான்.

ஊர் வீட்டுக் கதவுதான் பாக்கி. அக்கா சாயங்காலம் பூட்டிவிட்டுப் போவார். காலையில் திறந்து கிடக்கும். பூட்டை மாற்றினார். தச்சரைக் கூப்பிட்டுத் தாழை மாற்றினார். எதுவும் நிற்கவில்லை. திருடன் என்றால் ஏதாவது காணாமல் போக வேண்டும். ஒரு கரண்டிகூடப் போகவில்லை.

போன வாரம் அக்கா மறுபடி கூப்பிட்டார்.

"தம்பி, சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"நேத்து யாருதான் திறக்கறாங்கன்னு பாத்துடலாம்னு, பூட்டிட்டு உங்க வாசல்லயே உக்காந்துட்டேன். ஒம்பது மணி இருக்கும். பூட்டு அதுபாட்டுக்குக் கழண்டு என் காலடியில விழுந்துச்சு. கதவு திறந்துச்சு. உள்ளேருந்து... சத்தியமா உங்க அம்மா குரல் தம்பி. 'எல்லாரும் வந்தாச்சா'ன்னு கேட்டாங்க."

அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். போனைக் கட் பண்ணிவிடலாம் என்று தோன்றியது. முடியவில்லை.

"ஒரு ஆம்பளக் குரல் பதில் சொல்லுச்சு" என்றார் அக்கா. "'பையன் இன்னும் வரல'ன்னுச்சு. விடிய விடியப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம் தாழ் போடுற சத்தமே கேக்கல தம்பி."